ஒன்பதாம் ஜிக்கின் பொட்டு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் காலை ஏழேகால் மணிக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு நடந்துபோகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிச்சைமுத்து அவர்களில் ஒருவர். நினைவில் நிற்கிற முகம் என்று சொல்ல முடியாது. வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாக ஒரே தொழிற்சாலை, அதிலும் உபகரணங்கள் கடைந்து கொடுக்கும் ஒரே டூல் ரூம். டத்தோ கிராமாட் பக்கம் அடுக்குமாடி வீடு. மனைவி காமினி ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மகள் கல்யாணமாகி ஜோகூர் போய்விட்டாள். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி. இப்படிப்பட்ட ஒரு மனிதர் வைத்த பொட்டு டென்மார்க்கில் வழக்கறிஞர்களை நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வைத்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தது அதுதான்.

அந்தத் தொழிற்சாலை காதில் மாட்டும் கேட்கும் கருவியைச் செய்கிறது. செய்வதைத் தவிர அதில் பினாங்குக்கு வேறு உரிமை கிடையாது. வடிவம் டென்மார்க்காரர்களுடையது, வரைபடம் அவர்களுடையது, இயந்திரமும் அவர்களுடையது. கை மட்டும் நம்முடையது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளைப் பசை போட்டு, சின்ன பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஒட்ட வேண்டும். ஓடு மயிரிழை நகர்ந்தாலும் வியர்வை உள்ளே இறங்கிக் கருவி செத்துவிடும். நகராமல் பிடித்துக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியக் கட்டி உண்டு. அதற்குப் பெயர் ஜிக். அந்த ஜிக்கில் ஓடு உட்காரும் பள்ளத்தின் சரிவில்தான் கம்பெனியின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு ஜிக். வரைபடத்தைப் பார்த்துப் பன்னிரண்டையும் செய்து கொடுத்தவர் பிச்சைமுத்து.

சரஸ்வதி பூசை வந்தால் பினாங்குத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். மேலாளர் சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ஆனால் கருவியை ஒட்டுகிற அறை சுத்த அறை. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள், குங்குமத்துக்கு எங்கே இடம்? பிச்சைமுத்துவும் ரொம்ப நாள் ஜிக்குகளை விட்டுவைத்திருந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பிரஸ் இறங்கி, அதை ஓட்டிக்கொண்டிருந்த சூசையின் ஆள்காட்டி விரல் நுனியைக் கொண்டுபோய்விட்டது. சூசை கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சே, இதுக்கு மட்டும் ஏன் வைக்கல?" என்பதுதான்.

அந்தக் கேள்வி பிச்சைமுத்துவை விடவில்லை. அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு முதல் நாள், டூல் ரூமில் இருக்கும் இரண்டைக் கலந்து குழைக்கும் எபாக்சிப் பசையை ஒரு சொட்டு எடுத்து, அதில் ஒரு சிட்டிகை குங்குமம் குழைத்து, ஒவ்வொரு ஜிக்குக்கும் பின்பக்க மூலையில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தார். பசை காய்ந்தால் கல். ஆல்கஹால் போட்டுத் துடைத்தாலும் போகாது, தூளும் பறக்காது. சாமிக்கும் குறை இல்லை, சுத்த அறைக்கும் குறை இல்லை என்று அவருக்குத் திருப்தி. ஒன்பதாவது ஜிக்குக்கு வைக்கும்போது மட்டும் தும்மல் வந்துவிட்டது. விரல் இழுத்துக்கொண்டு போய்ப் பொட்டுக்கு ஒரு குட்டி வால் முளைத்தது. தும்மினது சகுனத்துக்கு ஆகாதே என்று அழித்து மறுபடி வைக்கப் பார்த்தார். அதற்குள் பசை இறுகத் தொடங்கிவிட்டது, விட்டுவிட்டார்.

வாடிக்கையாளர் பொருளில் அனுமதியில்லாமல் எந்த மாற்றமும் செய்ய மாட்டேன், செய்தால் முன்னறிவிப்பு இல்லாமல் வேலை நீக்கம் என்று வருடத்துக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பிச்சைமுத்துவும் வருடா வருடம் போட்டார், மனசு துளியும் உறுத்தவில்லை. பொட்டு வைப்பது மாற்றமா என்ன? தரம் பார்க்கிறவர்களும் கேட்கவில்லை. வரைபடத்தில் உள்ளதை அளந்து பார்ப்பதுதான் அவர்கள் வேலை, வரைபடத்தில் இல்லாததை யாரும் அளப்பதில்லை. பார்த்தவர்களும் வேறு யாரோ அனுமதி கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் மார்ச் மாதம் வெடித்தது. வேறொரு நாட்டுக் கம்பெனி, அச்சு அசலாக அதே கருவியைப் பாதி விலைக்கு விற்கிறது என்று டென்மார்க்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. வழக்குப் போட்டார்கள். அந்த ஊர் நீதிமன்றம் ஆள் அனுப்பிப் போட்டிக் கம்பெனியின் ஆலையைச் சோதனை போட்டு, அங்கிருந்த ஜிக்குகளைப் படம் எடுத்தது. எங்களுடைய சொந்த வடிவமைப்பு என்று அவர்கள் சாதித்தார்கள். பினாங்கிலிருந்து வரைபடம் கசிந்திருக்கிறது என்றார்கள் இவர்கள். யார் கையிலிருந்து என்று தேடியபோது அகப்பட்டவள் சலேஹா.

சலேஹா ஆவணப் பிரிவுப் பொறியாளர். சூலியா தெருவில் காசு மாற்றுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், வயது நாற்பத்து நான்கு, கல்லைப் போலக் கறாரானவள். ஒரு கையெழுத்து குறைந்தால் மேலாளருடைய தாளையே திருப்பி அனுப்புவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள், வாப்பாவுக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம் என்று, ஜிக் வரைபடங்களைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தாள். வேலை முடிந்ததும் அழித்தும் விட்டாள். கம்பெனியின் கணினி அழிக்கவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று நுழைவுப் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் சிற்றுண்டிச்சாலை முழுக்க அவள் வரைபடத்தை விற்றுவிட்டாள் என்று ஆகிவிட்டது. தினமும் அவளோடு தே தாரிக் தேநீர் குடித்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

தரப் பிரிவு மேலாளர் லோகேஸ்வரன் டூல் ரூம் ஆட்களை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் பெரிய திரை, திரையின் ஓரத்தில் டென்மார்க்கிலிருந்து இரண்டு வழக்கறிஞர்களின் முகம். போட்டிக் கம்பெனியின் ஜிக் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பள்ளம், சரிவு, ஓட்டை எல்லாம் நம்மளுதுதான். ஆனா பின்னால பாருங்க, இந்த மூலைல ஒரு மேடு. நம்ம ட்ராயிங்ல இது இல்ல. அவங்க லாயர் இதைத்தான் பிடிச்சுக்கிட்டு தொங்குறாரு. 'இது எங்க கண்டுபிடிப்பு, வேலை செய்யறவங்க விரல் வெச்சு திசை தெரிஞ்சுக்க வெச்சோம், அதனால இது எங்க சொந்த டிசைன்'னு கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்காங்க. இது எதுக்குன்னு யாருக்காவது ஏதும் தோணுதா?"

பிச்சைமுத்துவுக்குத் தோன்றாமல் என்ன? அலுமினியத்திலேயே கடைந்து எடுத்த ஒரு பொட்டு, அதற்கு ஒரு குட்டி வால். பக்கத்துப் படத்திலும் அதே வால், அதற்கடுத்த படத்திலும் அதே வால். நாற்பது ஜிக் செய்திருக்கிறார்கள், நாற்பதிலும் அவருடைய தும்மல். அவருக்குச் சிரிப்பு வந்தது. வரைபடத்தைப் பார்த்துச் செய்திருந்தால் அந்த மேடு வந்திருக்காது. நம்முடைய ஜிக்கையே, அதுவும் ஒன்பதாவதையே, ஸ்கேனரில் வைத்து மேலும் கீழும் படம் எடுத்துப் பிரதி செய்திருக்கிறார்கள். சலேஹாவின் மின்னஞ்சலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்ல வேண்டுமென்றால் பொட்டு என்னுடையது என்றும் சொல்ல வேண்டும்.

"தெரியல சார்," என்றார் பிச்சைமுத்து. மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

மூன்று நாள் அவர் அதை மனசிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார். வக்கீல்கள் வரைபடத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, இருபது படி கீழே இறங்கி வந்து நிஜ ஜிக்கைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிளேடால் சுரண்டினால் ஒரு பொட்டுக்கு ஐந்து நிமிடம். பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம். அதன் பிறகு அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் முதலாம் ஜிக்கை டூல் ரூமுக்கு எடுத்துவந்து சுரண்டவும் செய்தார். பொட்டு சில்லாகப் பெயர்ந்து வந்தது, இடம் வெளிறிப்போய் வட்டமாகத் தெரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த சூசை நுனியில்லாத விரலால் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்துவால் இரண்டாவதைத் தொட முடியவில்லை. அவமானமாக இருந்தது.

சாயங்காலம் காமினியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சொன்னா வேலை போயிருமா?"

"போகலாம். கையெழுத்து போட்டிருக்கேன்ல."

"சொல்லலன்னா அந்தப் பொண்ணுக்குப் போயிரும்."

"ஆமா."

"வேலை போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன்ங்க. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. ஆனா நீங்க சொல்லாம இருந்தா, அடுத்த சரஸ்வதி பூசைக்கு என்ன மூஞ்சியோட கும்பிடுவீங்கன்னு மட்டும் யோசிச்சுக்குங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு அவள் அலமாரிப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை பிச்சைமுத்து ஒன்பதாம் ஜிக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லோகேஸ்வரனின் அறைக்குப் போனார். மேசையில் கவிழ்த்து வைத்தார். சிவப்புப் பொட்டு, வாலோடு.

லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "இது என்னண்ணே?"

"பொட்டு சார். நான்தான் வெச்சேன். பன்னெண்டு வருஷமாச்சு."

"அந்த வாலு?"

"தும்மிட்டேன் சார்."

லோகேஸ்வரன் வால் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "வேலை போயிரும்னு தெரியும்லா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும் சார். சலேஹா இல்லன்னு எழுதிக்குங்க."

பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒன்பதாம் ஜிக் இரண்டு வருடத்துக்கு முன் அளவு சரிபார்க்க ஒரு வெளிக் கடைக்குப் போயிருந்தது. தாசேக் கெலுகோர் போகிற வழியில் இருக்கும் அந்தக் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று நாளில் வர வேண்டியது மூன்று வாரம் அங்கே இருந்திருக்கிறது. அளப்பதுதான் அவர்கள் தொழில், கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டார்கள். அன்று திரையில் டென்மார்க் வழக்கறிஞர்கள் ஜிக்கைப் பார்த்ததும் இருவருமே எழுந்து நின்றதாக லோகேஸ்வரன் பிற்பாடு சொன்னார். தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தவர்களால், பினாங்கில் ஒருவர் தும்மியது தங்கள் கண்டுபிடிப்பில் எப்படி வந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆறு வாரத்தில் சமரசத்துக்கு வந்துவிட்டார்கள்.

சலேஹா ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய பாஸை யாரும் உயிர்ப்பிக்காமல் விட்டிருந்ததால் காவலர் கூண்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் அவளைப் பற்றிப் பேசியவர்கள், அவள் செய்திருக்க மாட்டாள் என்று எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். அவள் நேராக டூல் ரூமுக்கு வந்து, பிச்சைமுத்துவின் மேசையில் ஒரு பொட்டலம் நாசி கண்டார் சோற்றை வைத்துவிட்டு, "சாப்பிடுங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிச்சைமுத்துவுக்கு வேலை போகவில்லை. வழக்கின் முக்கிய சாட்சியை வேலையை விட்டு அனுப்பினால் நன்றாக இருக்காது என்று டென்மார்க்கிலிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசி எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. ஜிக்கின் பின்பக்க அடையாளக் குறியை உருவாக்கியவர் பிச்சைமுத்து த/பெ அய்யாக்கண்ணு, அதன் முழு உரிமையையும் அவர் கம்பெனிக்கு ஒப்படைக்கிறார், இனி வேறெங்கும் அதைப் பயன்படுத்த மாட்டார், வெளியே பேச மாட்டார். பொட்டு திருட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று கண்டுகொண்டவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கடிதத்தில் குற்றம், தாளில் சொத்து. இரண்டிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தபோது காமினி, "டென்மார்க்ல கேட்டீங்களா?" என்றாள்.

வரைபடம் திருத்தப்பட்டது. பொட்டுக்கு விட்டம் ஆறு மில்லிமீட்டர், உயரம் ஒன்றரை, வாலின் நீளம் இரண்டு புள்ளி மூன்று. நிறம் சாம்பல். குங்குமம் பதிவு பெறாத பொருள் என்பதால் நீக்கப்பட்டது. செய்முறையை எழுதும் வேலை சலேஹாவுக்கு வந்தது. கையில் ஸ்டாப் வாட்சோடு பக்கத்தில் நின்றாள்.

பிச்சைமுத்து பசையைக் குழைத்தார். மோதிர விரலால் தொட்டு வைத்தார். வாலை இழுத்தார். பிறகு கையைத் தாழ்த்திக்கொண்டு பேசாமல் நின்றார், உதடு மட்டும் லேசாக அசைந்தது. சலேஹா ஏறிட்டுப் பார்த்தாள், என்ன என்று கேட்கவில்லை. அவர் நகர்ந்ததும் வாட்சை அழுத்தி எழுதினாள். ஐந்தாம் படி, பத்து விநாடி காத்திருக்கவும். அன்று வீட்டில் கை கழுவியபோது விரல் ஒரே கழுவில் வெளுத்துவிட்டது. குங்குமப் பொட்டு வைத்த நாட்களில் சிவப்புப் போக இரண்டு நாள் ஆகும்.

எல்லா வேலையையும் பினாங்கிலேயே வைக்கப் பயந்துபோன டென்மார்க்காரர்கள் இந்த வருடம் போலந்தில் இரண்டாவது ஆலை திறந்தார்கள். ஜிக் வரைபடம், பசையின் அளவு, செய்முறைத் தாள் எல்லாம் இங்கிருந்து அங்கே போயின. சென்ற மாதம் அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியவர், செய்முறைக்குப் பொறுப்பாளர் என்ற முறையில், பிச்சைமுத்து.

சலேஹா தன் கணினியில் போட்டுக் காட்டினாள். வெள்ளைத் தொப்பி, முகமூடி போட்ட ஒரு பெண். பசையைக் குழைத்தாள், பொட்டு வைத்தாள், வாலைச் சரியாக இழுத்தாள். பிறகு இரண்டு கையையும் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றாள். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவங்க ஒண்ணு கேக்குறாங்க," என்றாள் சலேஹா. "இந்தப் பத்து செகண்ட் எதுக்குன்னு. பசை காய ஆறு மணி நேரம் ஆகுது, பத்து செகண்ட்ல ஒண்ணும் ஆகப் போறதில்ல. டைம் வேஸ்ட், எடுத்திரலாமான்னு."

"நீ என்னம்மா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதானே சொல்லணும்."

பிச்சைமுத்து திரையையே பார்த்தார். "இருக்கட்டும்மா. எடுக்க வேணாம்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குண்ணே. காலியா விட்டா சிஸ்டம் வாங்காது."

அவர் யோசித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூசை பிரஸ்ஸுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யறவங்க பாதுகாப்புக்குன்னு போடு."

சலேஹா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அப்படியே அடித்து அனுப்பினாள். போலந்திலிருந்து மறுகேள்வி வரவில்லை, பாதுகாப்பு என்று எழுதிவிட்டால் எந்த ஆலையிலும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி முடிந்ததும் அந்தப் பெண் ஜிக்கை எடுக்க இரண்டு கையையும் நீட்டினாள். பிச்சைமுத்து குனிந்து பார்த்தார். கையுறைக்குள் விரல் பத்தும் முழுசாக இருந்தன.